ஹைக்கூ ஐந்தாம் பீட்டா: மனு எழுதும் கடையிலிருந்து

ஹைக்கூ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஐந்தாம் பீட்டாவை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, கடையில் ஒரு பழைய லேப்டாப்பில் போட்டுப் பயன்படுத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை சின்ன மெஷினில் இவ்வளவு விறுவிறுப்பாக ஓடும் இன்னொரு சிஸ்டத்தை நான் பார்த்ததில்லை. கோப்புகளை வகைபிரித்து வைத்துத் தேடுவதில் இது கொடுத்த வசதியை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. ஆனால் இதன் சொந்தச் செயலிகளில் தமிழ் உடைந்து நிற்கிறது. இறுதி வெளியீட்டுக்கு முன் ஒரே ஒரு குறையைத்தான் சரிசெய்ய முடியும் என்றால், நான் கை காட்டுவது அதைத்தான்.

என் கடை வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு என்றாலும் சோறு போடுவது மனு டைப் செய்யும் வேலைதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அன்றைக்கு அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, சுடுகாட்டுப் பாதை, ஏரிக்கால்வாய் ஆக்கிரமிப்பு. ஒவ்வொன்றையும் கேட்டு, புரிந்துகொண்டு, அதிகாரி படிக்கும்படி அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மனுவோடு யாருக்கும் வேலை முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து வந்து, "யக்கா, போன தடவை நீ அடிச்சுக் குடுத்தியே, அதே மாதிரி இன்னொன்னு போடணும், அந்தத் தேதியும் சேர்த்து எழுது" என்பார்கள். அந்தப் பழைய கோப்பு உடனே கைக்கு வர வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து மக்களின் மனுக்கள் அந்தந்த மாவட்டத்துக்குப் போய்விட்டன. அவர்களுக்கு நான் முன்பு அடித்துக் கொடுத்த கோப்புகள் மட்டும் இன்னும் என் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு சிஸ்டத்திடம் நான் எதிர்பார்ப்பது இரண்டுதான்: தமிழ் அடிக்க வேண்டும், பழையதைத் தேடி எடுக்க வேண்டும்.

ஹைக்கூவைப் போட்டிருப்பது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. 2 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. அதற்கு மேல் இருப்பதை இந்த மெஷின் தாங்காது. வட ஆற்காடு முழுக்க எத்தனையோ வீடுகளில் இதே போன்ற லேப்டாப்புகள் பீரோ மேல் சும்மா கிடக்கின்றன. கீ போர்டும் திரையும் நன்றாக இருக்கும்போது ஒரு மெஷினைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி மகன்தான் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். "லினக்ஸா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை, இது தனி வம்சம்" என்றான். அது உண்மைதான். ஆப்பிளில் பெரிய பொறுப்பிலிருந்து விலகிய ழான் லூயி காசே 1990-ல் பி என்ற கம்பெனியைத் தொடங்கினார். அங்கே உருவானது பிஓஎஸ். 1996-ல் ஆப்பிள் தனக்கு ஒரு புது சிஸ்டம் தேடியபோது இதற்கும் விலை பேசியது. கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கியது. 2001-ல் பி-யின் சொத்துகள் பாம் கம்பெனியின் கைக்குப் போயின. அதே ஆண்டு, பிஓஎஸ்ஸைப் பிரிய மனமில்லாதவர்கள் சேர்ந்து அதைப் புதிதாக, யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக எழுதத் தொடங்கினார்கள். 2004-ல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆல்ஃபா 2009-ல், முதல் பீட்டா 2018-ல், நான் எழுதிக்கொண்டிருக்கும் ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பர் 13-ல் வெளிவந்தது. முதல் பதிப்பின் இறுதி வடிவம் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் இன்னும் தயாராகவில்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள்; 2021-லிருந்துதான் நன்கொடைப் பணத்தில் ஒருவரை முழுநேரமாக வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு "முடிந்தது" என்று முத்திரை குத்தாமல் இருக்கிறார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். முதல் திரையிலேயே இன்ஸ்டால் செய்யவா, சும்மா பார்க்கவா என்று கேட்கும். பிடித்திருந்தால் டிரைவ்செட்டப் என்ற செயலியில் டிஸ்க்கின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை பி ஃபைல் சிஸ்டமாக (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்க ஹைக்கூ பயன்படுத்தும் முறை) ஃபார்மேட் செய்துவிட்டு இன்ஸ்டாலரை ஓட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கணக்கு தொடங்கு, மின்னஞ்சல் கொடு, ஒப்புக்கொள் என்று ஒரு கேள்வியும் இல்லை. மெஷினை ஆன் செய்தால் திரையில் சின்னப் படங்கள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். கடைசியில் ராக்கெட் ஒளிர்ந்ததும் டெஸ்க்டாப் வந்துவிடும். இந்தப் பழைய டிஸ்க்கிலேயே அரை நிமிடம் ஆகவில்லை. வந்த பிறகும், மற்ற சிஸ்டங்களில் போல டிஸ்க் விளக்கு மின்னி மின்னி அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வந்த நொடியில் கை வைக்கலாம்.

இந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பிஓஎஸ் காலத்திலிருந்தே ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி இழை (த்ரெட், தனியாக ஓடும் வேலைத்தொடர்) என்பது இதன் அடிப்படை. ஒரு செயலி பெரிய வேலையில் மூழ்கியிருந்தாலும் பக்கத்து ஜன்னல் உறைந்து போகாது. மெனு திறக்கும், எலி நகரும். திங்கட்கிழமை எதிரே ஆள் நிற்கும்போது திரை உறைந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது என்னவென்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இதில் எனக்கு அது நடக்கவில்லை.

ஜன்னல்களின் தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு காது இருக்கும். விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்திக்கொண்டு ஒரு ஜன்னலின் காதை இன்னொன்றின் காது மேல் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஓரத்தோடு ஓரம் வைத்தால் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். பழைய மனு இடது பக்கம், புது மனு வலது பக்கம் என்று ஒட்டிவிட்டு ஒன்றை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். வெவ்வேறு செயலிகளின் ஜன்னல்களைக்கூட இப்படிச் சேர்க்கலாம். நகலெடுக்க, ஒட்ட கன்ட்ரோல் விசைக்குப் பதில் ஆல்ட் விசை என்பது முதலில் கைக்குப் பழகாது. கீமேப் என்ற செயலியில் மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றிவிட்டேன்.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படும் விஷயம். பி ஃபைல் சிஸ்டத்தை பி கம்பெனிக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் டொமினிக் ஜாம்பாவ்லோ. அதே வடிவத்தை ஹைக்கூ புதிதாக எழுதி வைத்திருக்கிறது. இதில் ஒவ்வொரு கோப்போடும் நாம் விரும்பும் விவரங்களைச் சேர்த்து வைக்கலாம். கோப்புக்கு உள்ளே இல்லை, பெயரிலும் இல்லை. கோப்போடு ஒட்டிய தனிப் பண்புகளாக. ஃபைல்டைப்ஸ் என்ற செட்டிங்கில் "மனு" என்று எனக்கென ஒரு கோப்பு வகை உண்டாக்கினேன். அதற்குத் தாலுகா, கிராமம், பொருள், துறை, மனு கொடுத்த தேதி, மனு எண் என்று பண்புகள் வைத்தேன். இப்போது ஃபோல்டரைத் திறந்தால் இவை எல்லாம் பத்தி பத்தியாகத் தெரிகின்றன. கட்டத்தில் கிளிக் செய்து அங்கேயே திருத்தலாம். தனியாக ஒரு எக்செல் பதிவேடு வைத்து, அது ஒரு பக்கமும் கோப்புகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்ற காலம் போய்விட்டது.

தேடுவது அதைவிட நன்றாக இருக்கிறது. "தாலுகா அணைக்கட்டு, பொருள் பட்டா, 2022-க்குப் பிறகு" என்று கேட்டால் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. அந்தத் தேடலையே ஒரு கோப்பாகச் சேமித்து டெஸ்க்டாப்பில் வைக்கலாம். அது உயிரோடு இருக்கும் பட்டியல்: ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும்போது புதிதாக ஒரு பட்டா மனுவுக்கு அணைக்கட்டு என்று குறித்தால், அந்த நொடியே அது பட்டியலில் வந்து சேர்கிறது. ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போன தாலுகாக்களின் பழைய மனுக்களையும் இப்படித் தனித் தேடலாக வைத்துவிட்டேன். ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் எப்போதாவது வந்து கேட்டால் ஃபோல்டர் ஃபோல்டராக நோண்ட வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நாமே உண்டாக்கிய பண்பை வைத்துத் தேட வேண்டுமானால் கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் 'எம்கே இண்டெக்ஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டி அந்தப் பண்புக்கு அட்டவணை போட வேண்டும். அட்டவணை போட்டதற்குப் பிறகு எழுதிய விவரம்தான் தேடலில் அகப்படும். ஆகவே முதலில் அட்டவணை, பிறகு பதிவு. அடுத்தது, சாதாரணப் பென் டிரைவில் நகலெடுத்தால் இந்தப் பண்புகள் கூடப் போகாது. ஹைக்கூவில் இருக்கும் ஜிப்பில் சுருட்டி எடுத்தால் பத்திரமாகப் போகும். பேக்கப் எடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

தாலுகா பெயர்களை நான் ஆங்கில எழுத்தில்தான் அடித்து வைத்திருக்கிறேன். ஏன் என்பதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு தமிழ்ப் பெயருள்ள கோப்பைக் கொண்டுவந்து போட்டபோது கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ் ஃபான்ட் இல்லாததால்தான் என்று புரிந்தது. ஹோம் ஃபோல்டருக்குள் கான்ஃபிக், நான்-பேக்கேஜ்டு, டேட்டா, ஃபான்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போய் ஒரு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறிமுறை) தமிழ் ஃபான்ட்டைப் போட்டேன். அப்பியரன்ஸ் செட்டிங்கில் அதையே பொது ஃபான்ட்டாக வைத்தேன். எழுத்து வந்தது, ஆனால் வரிசை தப்பி வந்தது. நம் "வே" யூனிகோடில் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் வ, அடுத்து இரட்டைக் கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது சிஸ்டத்தின் வேலை. திரையில் ஜன்னலையும் எழுத்தையும் வரையும் ஹைக்கூவின் ஆப் சர்வர் அந்த வேலையைச் செய்வதில்லை. குறி வந்த வரிசையிலேயே ஒவ்வொரு வடிவமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிறது. அதனால் வேலூர் என்ற பெயரில் கொம்பு ல-வுக்கு முன்னால் போய் நின்று "வலே" என்று ஆரம்பிக்கிறது. லூ சேராமல் ல தனியாக, சுழி தனியாக நிற்கிறது. பேரணாம்பட்டு "பரே" என்று தொடங்குகிறது. கொ, கோ, கௌ எல்லாமே சிதறிப் போகின்றன. கு, டு, மு போன்றவற்றுக்குத் தமிழில் தனி வடிவம் உண்டே, அவை வருவதே இல்லை. புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் தள்ளிப் போய் விழுகிறது.

ஒடுகத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கவுன்டருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எங்க ஊரு பேரு உடைஞ்சு கிடக்குது?" என்று கேட்டார். மனு எழுத வந்த மனிதருக்குத் தன் ஊரின் பெயர் திரையில் சரியாகத் தெரிய வேண்டும். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோப்பு கெடுவதில்லை. சேமித்திருப்பது சரியான யூனிகோட். அதே கோப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வேலூர் வேலூராகவே இருக்கும். உடைவது காட்சி மட்டும்தான். அதிலும் எல்லாச் செயலிகளிலும் இல்லை. செயலிகளை இறக்கிக்கொள்ளும் ஹைக்கூடிப்போவிலிருந்து லிப்ரே ஆபீஸை இறக்கிப் போட்டேன். அதில் தமிழ் அழகாகத் தெரிகிறது. லிப்ரே ஆபீஸ் எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃபஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. ஹைக்கூவின் சொந்தச் செயலிகளான டிராக்கர் (ஃபோல்டர்களைக் காட்டுவது), ஸ்டைல்டுஎடிட் (எழுத்துக் கோப்புகளைத் திருத்துவது) போன்றவை ஆப் சர்வரை நம்பியிருப்பதால் உடைகின்றன. தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. தேவநாகரி, தெலுங்கு, மலையாளம், எழுத்தோடு எழுத்து இணையும் அரபி, உருது எல்லாவற்றுக்கும் இதே கதி. வேலூரில் உருது பேசும் வீடுகளும் தெலுங்கு பேசும் வீடுகளும் எத்தனை இருக்கின்றன! ஆகவே இந்த ஒரு வேலையைச் செய்தால் எங்கள் ஊர் முழுக்கப் பயன்படுத்தலாம்.

அப்புறம் ஒரு ஆச்சரியம். என்னிடம் பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கோப்புகள் நிறைய உண்டு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பழைய மனுக்கள். அந்த ஃபான்ட்டை ஹைக்கூவில் போட்டு ஸ்டைல்டுஎடிட்டில் திறந்தேன். ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடிக்கிறோம். நான் ஹையர் பாஸ் செய்த தமிழ் டைப்ரைட்டரிலும் அதே முறைதான். வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும் சிஸ்டத்துக்கு இது தோதாக அமைந்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறிமுறையையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறி உண்டு. அப்படியானால் அந்த வகை ஃபான்ட்டும் இதில் உடையாமல் தெரிய வேண்டும். ஆனால் இதையெல்லாம் தீர்வு என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்கு ஆன்லைன் மனு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாமே யூனிகோடில்தான் நடக்கின்றன. பாமினியில் அடித்ததை யாருக்கு அனுப்புவது?

தமிழை உள்ளிடுவதும் இன்னும் கைகூடவில்லை. தமிழ்99 விசைப்பலகை இல்லை. கீமேப் செயலியில் எந்த விசையில் எந்த எழுத்து வர வேண்டும் என்று கேரக்டர்மேப்பிலிருந்து இழுத்துப் போட்டு நாமே ஒரு விசைப்பலகை செய்துகொள்ளலாம். அப்படித்தான் செய்து லிப்ரே ஆபீஸில் அடித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் தமிழ்99-ன் அருமையே வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அந்த முறையில், ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெய்க்குப் பின் உயிரை அடித்தால் உயிர்மெய்யாக மாறும். முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இந்த வேலையை வெறும் விசை மாற்றத்தால் செய்ய முடியாது. அதற்கு ஜப்பானிய மொழிக்கு இருப்பதைப் போல ஒரு உள்ளீட்டு ஆட்-ஆன் எழுத வேண்டும். ஹைக்கூவில் அதற்கான வாசல் திறந்தே இருக்கிறது. தமிழுக்கு யாரும் இன்னும் உள்ளே வரவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைக்கூவின் வெப்பாசிட்டிவ் பிரவுசர் லேசானது. செய்தி படிக்க, எளிய பக்கங்களைப் பார்க்கப் போதும். விண்ணப்பப் பக்கங்களுக்கு அதை நம்ப முடியாது. க்னோம் வெப் போன்ற பெரிய பிரவுசர்களும் கிடைக்கின்றன. 2 ஜிபி ராமில் அவை திணறுகின்றன. இந்த லேப்டாப்பின் வைஃபை உடனே பிடித்தது. தம்பி மகனின் புது லேப்டாப்பில் பிடிக்கவில்லை. வைஃபை டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி சிஸ்டங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அங்கே இருந்தால் இங்கே வரும். கிராஃபிக்ஸ் கார்டின் முப்பரிமாண முடுக்கம் கிடையாது. மூடி வைத்தால் தூங்கும் ஸ்லீப் வசதி கிடையாது. அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீக்கிரம் பூட் ஆவதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரே பயனர்தான், ஆளுக்கொரு லாகின் கிடையாது. கடையில் வேறு யாராவது உட்கார்ந்தால் எல்லாக் கோப்பும் அவர் கைக்கு எட்டும். மனுவில் ஜனங்களின் சொந்த விஷயம் இருக்கிறது என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த லேப்டாப்பில் என்னைத் தவிர யாரும் உட்காருவதில்லை.

அச்சடிக்க நான் இதை நம்புவதில்லை. லிப்ரே ஆபீஸிலிருந்து பிடிஎஃப்பாக மாற்றி, பிரிண்டர் கோர்த்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் பென் டிரைவில் கொண்டுபோகிறேன். பிரிண்டர் டிரைவர்கள் இதில் இருக்கின்றன என்றாலும், வரிசையில் ஆள் நிற்கும்போது பரிசோதனை செய்து பார்க்க நான் தயாரில்லை.

பீட்டா என்பதால் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் பேக்கேஜ் முறை நன்றாக யோசித்துச் செய்தது. செயலிகள் அவிழ்த்துக் கொட்டப்படுவதில்லை. சுருட்டிய நிலையிலேயே படிக்க மட்டும் முடிகிற மாதிரி கோர்க்கப்படுகின்றன. சிஸ்டம் கோப்பை யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. அப்டேட் செய்யும்போது முந்தைய நிலை எது என்று குறித்து வைத்துக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கோளாறு என்றால், பூட் ஆகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் பழைய நிலையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே எழும்பலாம். திரை சரியாக வரவில்லை என்றால் அதே மெனுவில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் டிரைவரையும் தேர்ந்தெடுக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இந்த லேப்டாப்பின் பேட்டரியோ செத்து வெகுகாலமாகிறது. சட்டென்று அணைந்து மறுபடி ஆன் செய்தால் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று நிற்காமல் நேராக வந்துவிடுகிறது. ஃபைல் சிஸ்டம் தன் கட்டமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் செய்வதால் கட்டமைப்பு குலைவதில்லை. சேமிக்காமல் விட்ட வரிகள் போனது போனதுதான்.

யாருக்கு இது? தமிழில் தட்டச்சு செய்வதே பிழைப்பாக உள்ளவர்கள் இதை ஒரே கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ள முடியாது. பாட்டு, படம், பிடிஎஃப், ஆங்கிலத்தில் எழுத்து வேலை, சி++ கற்றுக்கொள்வது என்றால் பீரோ மேல் கிடக்கும் லேப்டாப்பை இன்றைக்கே இறக்கலாம். என் கடையில் இது பழைய மனுக்களின் பதிவறையாக இருக்கிறது. புது மனுவைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். முடிந்ததும் இதற்குள் கொண்டுவந்து தாலுகாவும் பொருளும் குறிக்கிறேன். யாராவது பழையதைக் கேட்டால் இதில் தேடுகிறேன். அந்த வேலைக்கு இதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க மாட்டேன்.

தம்பி மகனிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ஹைக்கூவின் மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. மாணவர்களைத் திறந்த மூல வேலையில் சேர்க்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்தில் இவர்கள் 2007-லிருந்து பல ஆண்டுகள் மாணவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆப் சர்வரில் ஹார்ஃபஸைக் கோர்ப்பது சின்ன வேலை இல்லை என்று அவனே சொல்கிறான். எழுத்தின் அகலத்தைக் கணக்கிடுவது, கர்சர் எங்கே நிற்பது, வரி எங்கே மடிவது என்று எல்லா இடத்திலும் கை வைக்க வேண்டுமாம். "அப்போ தமிழ்99 ஆட்-ஆனையாவது முதல்ல எழுதுடா" என்றேன். செமஸ்டர் முடியட்டும் என்றிருக்கிறான்.

போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 4 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த மெஷின் என்றால் 64 பிட் பதிப்பு; அதைவிடப் பழையது, ராம் குறைவு என்றால் 32 பிட். பழைய பிஓஎஸ் செயலிகளை ஓட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும் 32 பிட்தான். முதலில் பென் டிரைவிலேயே ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை முழு அளவில் தெரிகிறதா என்று பார்த்த பிறகு டிஸ்க்கில் கை வையுங்கள். அதற்கு முன் டிஸ்க்கில் இருக்கும் ஃபோட்டோக்களை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். விலையில்லா லேப்டாப்பில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள் நிறையவே இருக்கும்.